25 டிகிரி, 250 ஆன கதை

ஃபைனல் இயர் மக்களே, புராஜெக்ட் ரிப்போர்ட்டை ஸ்பைரல் பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன்னாடி ஒரு நிமிஷம். உங்க ரிப்போர்ட்டில் '25°' என்று ஒரு இடத்திலாவது வந்திருக்கும். அந்தக் குட்டி வட்டத்தை எப்படிப் போட்டீங்க? கீபோர்டில்தான் அது கிடையாதே! நம்ம ஆட்கள் பல பேர் செய்வது இதுதான்: 25-க்குப் பக்கத்தில் ஒரு சைபரைத் தட்டி, அதை சூப்பர்ஸ்கிரிப்ட் ஆக்கி மேலே தூக்கிவிடுவது. பார்க்க அம்சமாக இருக்கும். அப்புறம் டீம்மேட் அதை காப்பி பண்ணி வேறொரு ஃபைலில் வெறும் டெக்ஸ்ட்டாக ஒட்டுவார். மேலே இருந்த சைபர் சமர்த்தாகக் கீழே இறங்கிவிடும். லேப் டெம்பரேச்சர் 250 டிகிரி. உள்ளே இருந்தவங்க எல்லாம் வறுவல்!

எலெக்ட்ரானிக்ஸ் மக்கள் கதை இன்னும் மோசம். 'சிம்பல்' என்று ஒரு ஃபாண்ட் இருக்கிறது. அதில் டபிள்யூ தட்டினால் Ω தெரியும், சின்ன எம் தட்டினால் µ தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் உள்ளே சேமித்து வைப்பது டபிள்யூவையும் எம்மையும்தான். ஃபாண்ட் மாறினால் வேஷம் கலைந்துவிடும். 100 ஓம், 100 வாட் ஆகிவிடும். அதையாவது யாராவது கவனிப்பாங்க. பயமே அந்த எம் விஷயத்தில்தான். 10 மைக்ரோஃபாரட் சத்தமில்லாமல் 10 மில்லிஃபாரட் ஆகிவிடும். ஆயிரம் மடங்கு வித்தியாசம், ஆனால் படிக்கிறவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. மருந்துச் சீட்டில் இதே குழப்பம் வந்தால்? மைக்ரோகிராமுக்கு µ போடாதீங்க, மில்லிகிராம் என்று படித்துவிடுவாங்க என்று மருந்துப் பாதுகாப்புக்கான அமெரிக்க அமைப்பு ஒன்று எச்சரிக்கைப் பட்டியலிலேயே போட்டிருக்கிறது.

யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் ஃபாண்ட்களில் அடித்த ஃபைலைத் திறந்து பார்த்திருக்கீங்களா? ஃபாண்ட் இல்லாத சிஸ்டத்தில் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். அதே வியாதிதான் இது. யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் சொந்த எண் உண்டு. அந்த எண்ணோடு அடித்தால் ஓம் எங்கே போனாலும் ஓம்தான்.

சரி, எப்படி அடிப்பது? விண்டோஸில் நம்லாக்கைப் போட்டு, ஆல்ட்டை அழுத்திக்கொண்டே வலது பக்க எண் பலகையில் 0176 தட்டினால் டிகிரி. 0177 ±, 0181 µ, 0215 பெருக்கல் குறி. முன்னாடி உள்ள சைபரை அலட்சியமாக விட்டுடாதீங்க பாஸ். 248 தட்டினாலும் டிகிரி வரும், ஆனால் 0248 தட்டினால் ø என்று ஏதோ வந்து நிற்கும். காரணம், சைபர் இல்லாத எண்கள் 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் பட்டியல். சைபரோடு வருவது விண்டோஸின் பட்டியல். ஓம் பழைய பட்டியலில்தான் இருக்கிறது: 234.

லேப்டாப்பில் எண் பலகை இல்லையா? வேர்டில் 2126 என்று அடித்து, ஆல்ட்டோடு எக்ஸ் தட்டுங்க, எண் ஓமாக மாறிவிடும். மேக் வைத்திருக்கும் பணக்காரங்களுக்கு ஆப்ஷனோடு இசட் போதும். விண்டோஸ் 10, 11-ல் விண்டோஸ் கீயும் முற்றுப்புள்ளியும் சேர்த்து அழுத்தினால் எமோஜி பெட்டி திறக்கும். அதிலேயே சிம்பல் பகுதியும் இருக்கு. வாட்ஸ்அப் ஸ்மைலியோடு நிறுத்திவிடாதீங்க.

அப்புறம் நம்ம ₹. தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார் வடிவமைத்தது, 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் இடம் கிடைத்தது அதே வருஷம் அக்டோபரில். நடுவில் வந்த அவசர ஃபாண்ட் ஒன்று, டேப் கீக்கு மேலே உள்ள கீயில் ரூபாயை ஒளித்து வைத்தது. அந்த ஃபாண்ட் இல்லாதவர் திரையில் பணத்துக்குப் பதில் ஒரு சாய்ந்த கோடு! இப்போ 'ஆங்கிலம் (இந்தியா)' கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால், வலது ஆல்ட்டும் 4-ம் போதும்.

கடைசியாக ஜெராக்ஸ் கடை. வேர்டு ஃபைலை பென்டிரைவில் தூக்கிக்கொண்டு போகாதீங்க. வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கி, Ω, µ இருக்கும் பக்கங்களை ஒரு தடவை கண்ணால் பார்த்துட்டுப் போங்க. நாலு காப்பி அடித்த பிறகு கட்டம் கட்டமாக வந்திருக்கு என்று சொன்னால், கடைக்கார அண்ணன் காசைத் திருப்பித் தர மாட்டார்.