நடை மட்டும் போதுமா?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் பிசியோதெரபி வீண்செலவு, வீட்டுக்குள் நடந்தாலே சரியாகிவிடும் என்ற வாதம் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறது. சமதளத்தில் நடக்க மூட்டு 60 முதல் 70 டிகிரி மடங்கினால் போதும். படியேற ஏறக்குறைய 90 வேண்டும், தாழ்வான நாற்காலியிலிருந்து எழ அதற்கும் மேல். தொடையின் முன்தசை கதையோ இன்னும் மோசம். மூட்டு வீங்கியிருக்கும்வரை நரம்பே அதை அடக்கிவைக்கிறது. நடக்கும்போது நோயாளி நல்ல காலில் பாரத்தைப் போட்டுச் சமாளித்துவிடுகிறார். முழங்காலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொன்னால் குட்டு வெளிப்படும்: துண்டு நசுங்குவதே இல்லை. பிசியோதெரபி என்ற பெயரில் கரண்ட் வைத்துப் படுக்கப்போட்டு, பயிற்சி தராமலே காசு வாங்கும் இடங்கள் உண்டு. அவற்றின் மீதான புகார் நியாயமே. அதற்குத் தீர்வு பயிற்சி தரும் இடத்தைத் தேடுவது. தொடக்க வாரங்களில் மடக்கத்தை மீட்காவிட்டால் தழும்புத்திசு இறுகும். பிறகு மயக்க மருந்து கொடுத்து மருத்துவரே மடக்கிவிட நேரலாம். அந்தச் செலவு எந்தக் கணக்கில் சேரும்?