மீந்த பொரியலுக்கும் இடமுண்டு

வீட்டில் பீட்சா செய்யப் பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்கு ஓடவேண்டியதில்லை என்பது என் கட்சி. ஆலிவ், ஒரேகானோ, மூன்று நிறத்தில் குடைமிளகாய் எல்லாம் வந்துசேர்ந்த பிறகுதான் மாவைத் தொடலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அதனாலேயே அது எப்போதோ ஒருநாள் செய்கிற பலகாரமாக நின்றுவிடுகிறது. கூடையில் கிடக்கிற சின்ன வெங்காயமும் காலையில் செய்து மீந்த உருளைக்கிழங்கு வறுவலும் போதும்.

இப்படிச் செய்வது பீட்சாவை அவமதிப்பது ஆகாது. நேப்பிள்ஸ் துறைமுக நகரத்தில் ஏழைகள் தெருவில் வாங்கித் தின்ற மலிவான சாப்பாடு அது. 1840களில் அந்த நகரத்தைப் பற்றி எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமா, எண்ணெய், பன்றிக்கொழுப்பு, சீஸ், தக்காளி, பொடிமீன் என்று மேலே போடுபவற்றை அடுக்குகிறார். மீன்பாடு நன்றாக இருந்தால் மீன் பீட்சா விலை இறங்கும், விளைச்சல் பொய்த்தால் எண்ணெய் பீட்சா விலை ஏறும் என்றும் கவனித்திருக்கிறார். அன்றைய சந்தைதான் அன்றைய பீட்சாவை முடிவு செய்தது. 1962இல் கனடாவின் சாத்தம் நகரில் உணவகம் நடத்திய சாம் பனோபுலோஸ், டப்பாவில் வந்த அன்னாசித் துண்டுகளைத் தூவிப் பார்த்ததும் இதே வழியில்தான். ஹவாயன் பீட்சா அப்படிப் பிறந்தது.

2017இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் நேப்பிள்ஸ் பீட்சாக் கலையைச் சேர்த்தது. அங்கே போற்றப்படுவது மாவைப் பக்குவப்படுத்தி விறகடுப்பில் சுடுகிற கைத்திறன். நம் கவனமும் முதலில் மாவுக்கே போகவேண்டும். 250 கிராம் மைதா, 160 மில்லி தண்ணீர், 5 கிராம் உப்பு, கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். பிசைந்து, மூடி, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் மெதுவாகப் புளிக்கிற மாவுக்கு மணமும் நெகிழ்வும் கூடும். மறுநாள் வெளியே எடுத்துக் குளிர் விட்டபின் கையாலேயே விரியுங்கள். பூரிக்கட்டை உருட்டினால் உள்ளே சேர்ந்த காற்றெல்லாம் போய்விடும்.

மேலே எதைப் போடுவது என்பதற்கு விதி இல்லை. ஆனால் எதைப் போட்டாலும் ஈரம் போயிருக்கவேண்டும். நேப்பிள்ஸ் அடுப்பில் ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெந்துவிடும். வீட்டு அவன் 250 டிகிரியைத் தாண்டுவது அரிது. பத்து நிமிடமாவது ஆகும். அதற்குள் பச்சைக் காய்கள் நீர்விட்டு அடிமாவை ஊறவைத்துவிடும். ஆகவே தக்காளியைப் பூண்டும் உப்பும் சேர்த்துத் தொக்குப் பதத்துக்குச் சுண்டவையுங்கள். காளானை வதக்குங்கள். கீரையை வதக்கிப் பிழியுங்கள். கூட்டும் குழம்பும் வேண்டாம். தேங்காய் தூவிய பொரியல் என்றால் தேங்காய் கருகிவிடும். கடைசி இரண்டு நிமிடத்தில் போடுங்கள்.

பனீர் மட்டும் போட்டால் இழை வராது. ரென்னட் என்ற நொதியால் உறையவைத்த மொஸரெல்லாவின் புரதம் சூட்டில் தளர்ந்து நீளும். எலுமிச்சை விட்டுத் திரித்த பனீர் எவ்வளவு சூட்டிலும் உருகாது. இரண்டையும் கலந்து போடுங்கள், பனீர் கடிக்கவும் மொஸரெல்லா இழையவும் ஆகும்.

எனக்கு மிகப் பிடித்தது நெத்திலிக் கருவாடு. இத்தாலியர்கள் பீட்சாவில் வைக்கிற ஆன்சோவியும் நம் நெத்திலியும் ஒரே குடும்பத்து மீன்கள். தலை கிள்ளி, வெந்நீரில் அலசி, மொறுமொறுவென்று வறுத்து, பீட்சா வெந்து வந்தபின் தூவுங்கள். அடியில் பூண்டுத் தொக்கு, கொஞ்சம் சீஸ், வதக்கிய சின்ன வெங்காயம். இதற்குமேல் வேறெதுவும் தேவைப்படாது. உருளைக்கிழங்கு வறுவலைத் தயங்காமல் போடுங்கள். ரோமாபுரியிலேயே மெல்லிய உருளைக்கிழங்குச் சீவல் பரப்பிய பீட்சா உண்டு.

அவன் இல்லாத வீட்டில் கனமான இரும்புத் தோசைக்கல் உதவும். விரித்த மாவை ஒருபக்கம் சுட்டுத் திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தின் மேல் எல்லாவற்றையும் பரப்பி, தணலைக் குறைத்து, சீஸ் உருகும்வரை மூடிவையுங்கள். மேலே போடுபவை ஏற்கெனவே வெந்தவை என்பதால் இது எளிதில் கூடிவரும்.

எதையும் குவிக்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று வகை, இடையிடையே தக்காளி தெரிகிற அளவு. அதற்குமேல் போனால் கனம் தாங்காமல் நடுவில் மாவு வேகாமல் நிற்கும். முதல்நாள் இரவு மாவுக்கு மட்டும் திட்டமிடுங்கள். மற்றதை அன்றைக்கு உங்கள் அடுக்களையில் இருப்பது முடிவு செய்யட்டும்.