சுடுகாட்டுப் பூவா? வாசலில் வையுங்கள்!

வீடு கட்டுகிறோம். மீதிப் பணத்தில் முற்றம் முழுவதும் சிமெண்டு பூசுகிறோம். பிறகு சித்திரை மாதத்தில், "ஐயோ, வீடு கொதிக்கிறதே!" என்கிறோம்.

தரையை மூடத்தான் வேண்டும். வெறும் மண்ணாக விட்டால் புழுதி பறக்கும். மழையில் மண் கரைந்து தெருவுக்குப் போய்விடும். ஆனால் அதற்குச் சிமெண்டு எதற்கு? நித்தியகல்யாணிச் செடி போதும்.

"புல் வளர்க்கலாமே" என்பீர்கள். புல்லுக்கு ஓயாமல் தண்ணீர் வேண்டும். குடத்தோடு குழாயடியில் நிற்கும் ஊரில் அது நடக்கிற காரியமா?

நித்தியகல்யாணி எல்லோருக்கும் தெரிந்த குத்துச்செடிதான். வெள்ளையிலும் ரோஸ் நிறத்திலும் ஐந்து இதழ்ப் பூ. ஆண்டு முழுவதும் பூக்கும். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்காது. வேர் பிடித்துவிட்டால் வெயிலைத் தாங்கும். ஆடு மாடு பெரும்பாலும் வாய் வைக்காது.

இவ்வளவு இருந்தும் பலர் இதை வீட்டில் வைப்பதில்லை. ஏன்? இதற்குச் 'சுடுகாட்டுப் பூ' என்று ஒரு பெயர் உண்டு. "அதைப் போய் வாசலில் வைப்பதா?" என்று பாட்டிமார் முகம் சுளிக்கிறார்கள்.

சுடுகாட்டில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அங்கேயும் இது பூக்கிறது. இது செடியின் பெருமையா, குறையா?

இன்னொன்றும் கேளுங்கள். கனடா நாட்டில் நோபிள், பீர் என்ற விஞ்ஞானிகள் இதன் இலையிலிருந்து ஒரு மருந்தைப் பிரித்தெடுத்து, 1958-ம் ஆண்டில் அறிவித்தார்கள். அது புற்றுநோய்க்கு மருந்தானது. இதே செடியில் கிடைக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்தை, குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு டாக்டர்கள் இன்றும் கொடுக்கிறார்கள். பிள்ளைகளை யமன் கையிலிருந்து மீட்கும் செடியைச் சுடுகாட்டோடு சேர்த்துப் பேசுவது நியாயமா?

அதற்காக இலையைப் பறித்துத் தின்றுவிடாதீர்கள்! செடியில் நஞ்சு உண்டு. சர்க்கரை வியாதிக்கு என்று கஷாயம் வைத்துக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்து. மருந்தை டாக்டர்தான் கொடுக்க வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளர்ப்பது சுலபம். விதையைத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு மூடுங்கள். நாற்று நாலு விரல் உயரம் வந்ததும், ஓர் அடிக்கு ஒன்றாக எடுத்து நடுங்கள். அவ்வப்போது நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளாவிட்டால் இரண்டு அடிக்கு மேல் போய்விடும். கிள்ளினால் பக்கக் கிளை விட்டுத் தரையை மூடிக்கொள்ளும்.

தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது, வேர் அழுகிவிடும். பள்ளமான இடம் என்றால் மண்ணை மேடாக்கி நடுங்கள்.

காய் முற்றி வெடித்து, விதை தானே விழும். அடுத்த மழைக்குப் புது நாற்று முளைக்கும். அதிகமாக இருப்பதைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.