எரிமலை பார்க்கப் போறீங்களா?

ஊர்சுத்தி / இந்த வாரம்: அந்தமான்
ஓடைப்பட்டியிலிருந்து உங்கள் மாணவ நிருபர்

எரிமலை பார்க்கணும்னா ஜப்பானுக்கோ இந்தோனேஷியாவுக்கோதான் டிக்கெட் போடணும்னு நினைக்கிற ஆளா நீங்க? பாஸ்போர்ட்டை உள்ளே வைங்க பாஸ்! இந்தியாவுல இன்னும் உயிரோட இருக்கிற ஒரே எரிமலை அந்தமான்ல இருக்கு.

எங்க ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டத்துல நின்னா எதிரே மேகமலை. மழைக்காலக் காலையில உச்சியில வெள்ளையா மேகம் சுத்தி நிக்கும். புதுசா வர்றவங்க, "என்னப்பா, மலை புகையுது!"ம்பாங்க. அது வெறும் மேகம்தான். நிஜமாவே புகையிற மலை வேணும்னா வங்கக் கடலைத் தாண்டணும். தாண்டினா எரிமலையோட சேர்த்து வெள்ளைக்காரன் கட்டின ஒரு முழு தலைநகரமும் பார்க்கக் கிடைக்கும். செமஸ்டர் லீவுக்கு கோவா, ஊட்டினு திரும்பத் திரும்பப் போய் போரடிச்ச கேங் எல்லாம் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க.

ஊர் பேரே ஒரு கதை

1789-ல இந்தத் தீவுகளை அளந்து ஆங்கிலேயர்களுக்குக் குடியிருப்பு போட்டவர் ஆர்ச்சிபால்ட் பிளேர். அவர் பேர்லதான் போர்ட் பிளேர். காய்ச்சல் தாங்காம 1796-ல மூட்டை கட்டினாங்க. 1857 புரட்சிக்குப் பிறகு கைதிகளை அடைக்க இடம் தேடினப்போ மறுபடி ஞாபகம் வந்துச்சு. 1858 மார்ச்ல 200 கைதிகளோட முதல் கப்பல் வந்து சேர்ந்துச்சு.

2024 செப்டம்பர்ல ஊர் பேரை ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க. ஸ்ரீவிஜயம்னதும் நமக்கு யார் ஞாபகம்? கரெக்ட், ராஜேந்திர சோழன்! 1025 வாக்குல கப்பல் படையோட போய் அடிச்ச அதே ஸ்ரீவிஜயம். தஞ்சைக் கல்வெட்டுல வர்ற 'நக்கவாரம்'தான் இன்னிக்கு நிக்கோபார்.

தமிழ் தெரிஞ்சா இந்த ஊர்ல சமாளிச்சுக்கலாம். கடை, ஆட்டோ, ஆபீஸ் எல்லாத்துலயும் நம்ம ஆளுங்க இருக்காங்க. வெற்றிமலை முருகன் கோயில்ல பங்குனி உத்திரம் காவடியோட களைகட்டும். தெற்கே நிக்கோபார் பக்கம் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துல, 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தால இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்களைக் குடி வெச்சாங்க.

அணையும் ஜெயிலும்

முதல்ல செல்லுலார் ஜெயில். 1996-ல வந்த 'சிறைச்சாலை' படத்துல மோகன்லாலும் பிரபுவும் அடைபட்டுக் கிடப்பாங்களே, அதே ஜெயில். நடுவுல ஒரு கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி ஏழு கட்டடம். கோபுரத்துல ஒரே ஒரு காவலாளி நின்னா ஏழையும் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டடத்தோட முகமும் அடுத்ததோட முதுகைப் பார்க்கிற மாதிரி கட்டியிருக்காங்க. அதனால எதிர் அறைக்காரன்கிட்ட ஜாடை காட்டக்கூட வழியில்லை. அறை சுமார் 13 அடிக்கு 7 அடி. ஜன்னல் தலைக்கு மேலே எட்டாத உயரத்துல. ஒரு அறைக்கு ஒரே ஆள். சித்ரவதையை டிராயிங் போர்டுலயே போட்டு முடிச்சிருக்காங்க. இன்ஜினீயரிங் படிக்கிறவங்க அவசியம் பார்க்க வேண்டிய டிசைன் இது.

நம்ம பெரியாறு அணையை 1895 அக்டோபர்ல திறந்தாங்க. அடுத்த வருஷமே, 1896-ல, இந்த ஜெயில் வேலை ஆரம்பம். 1906-ல முடிஞ்சுது. ரெண்டையும் கட்டினது ஒரே அரசாங்கம். கம்பம் பள்ளத்தாக்குல பென்னிகுக் படத்தை சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கோம், தை மாசம் அவருக்குப் பொங்கல் வைக்கிறோம். அணையை மட்டும் பார்த்துட்டு, 'வெள்ளைக்காரன் காலம் பொற்காலம்'னு டீக்கடையில பேசுறவங்களை இந்த ஜெயிலுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போகணும்.

உள்ளே கைதிகள் மாடு மாதிரி செக்கு இழுத்தாங்க. கோவை ஜெயில்ல வ.உ.சி. இழுத்தாரே, அதே தண்டனை. அவருக்கு முதல்ல விதிச்சதும் நாடு கடத்தல்தான். அப்பீல்ல தண்டனை குறைஞ்சதால கோவை, கண்ணூர் ஜெயில்களோட நின்னுச்சு. 1933-ல இங்கே உண்ணாவிரதம் இருந்தவங்களுக்கு வலுக்கட்டாயமா பால் ஊத்தினதுல மகாவீர் சிங் உள்பட மூணு பேர் செத்தாங்க. ஏழு கட்டடத்துல இப்போ மிச்சம் மூணு. இடிச்ச இடத்துல அரசு ஆஸ்பத்திரி நடக்குது. சாயங்காலம் ஒலி-ஒளிக் காட்சி உண்டு, மிஸ் பண்ணாதீங்க.

பார்ட்டி நடந்த தீவு

ஜெயிலுக்கு எதிரேயே கடல்ல ஒரு குட்டித் தீவு. பேர் ராஸ். 2018-லிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. படகு ஏறினா கொஞ்ச நேரத்துல போயிடலாம். 1858-லிருந்து 1942 வரைக்கும் மொத்த அந்தமானையும் ஆண்டது இந்தக் குட்டித் தீவுல இருந்துதான். சர்ச், பேக்கரி, டென்னிஸ் கோர்ட், நீச்சல் குளம், டான்ஸ் ஹால் எல்லாம் இருந்துச்சு. அக்கரையில கைதிங்க, இக்கரையில கச்சேரி!

1941-ல பெரிய பூகம்பம். 1942-ல ஜப்பான்காரன் வந்து மூணு வருஷம் உட்கார்ந்தான். அதுக்கப்புறம் தலைநகரம் திரும்பவே இல்லை. இன்னிக்கு ஒவ்வொரு சுவரையும் ஆலமர வேர் பிடிச்சுக்கிட்டு நிக்குது. சர்ச்சுக்குள்ள மரம், ஹாலுக்குள்ள மான். போட்டோவுக்கு இதைவிட இடம் கிடையாது.

ஆனா போட்டோ எடுக்கும்போது ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கங்க. 1863-ல பாதிரியார் கார்பின் இந்தத் தீவுல 'அந்தமான் ஹோம்'னு ஒண்ணு ஆரம்பிச்சார். காட்டுல இருந்த பழங்குடி மக்களைக் கொண்டாந்து வெச்சு 'நாகரிகம்' சொல்லித் தர்ற இடமாம். அவங்கள்ல சிலரைக் கல்கத்தாவுக்குக் கூட்டிட்டுப் போனப்போ வேடிக்கை பார்க்கக் கூட்டம் அலைமோதுச்சு. கூட வந்தது நோய். 1877-ல தட்டம்மை வந்து கொத்துக் கொத்தா செத்தாங்க. பல ஆயிரமா இருந்த கிரேட் அந்தமானியர்கள் 1961 கணக்கெடுப்புல வெறும் 19 பேர். அவங்க மொழிகள்ல ஒண்ணான 'போ' மொழியைப் பேசின கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரியில இறந்தாங்க. அவங்களோட அந்த மொழியும் போச்சு.

வேடிக்கை பார்க்கிறதுல ஆரம்பிச்சது எங்கே போய் முடிஞ்சிருக்கு பாருங்க.

இப்ப எரிமலை!

பாரன் தீவு. ஸ்ரீ விஜயபுரத்துலேருந்து வடகிழக்கே சுமார் 138 கி.மீ. ஊர்க் கரையில நின்னு எட்டிப் பார்த்தா தெரியாது. கடல் பயணம் போனாத்தான் உண்டு. தீவுல மனுஷங்க யாரும் இல்லை, சுற்றுலாப் பயணிகள் இறங்கவும் முடியாது. கப்பல்ல நின்னபடியே பார்த்துட்டுத் திரும்பணும். இந்தப் பயணமும் தினமும் கிடையாது. கடலும் அனுமதியும் ஒத்து வரும்போது மட்டும்தான்.

இந்திய நிலத்தட்டு பர்மா தட்டுக்கு அடியில சொருகிக்கிட்டே இருக்கு. சொருகிற இடத்துக்கு மேலே பாறை உருகி மேலே வருது. இதே மாதிரிதான் சுமத்ரா தீவோட எரிமலைகளும். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கிளப்பின பூகம்பம் வந்ததும் இந்தத் தட்டுகள் உரசுற இடத்துலதான்.

பாரன்ல 1787-லிருந்து வெடிப்புப் பதிவு இருக்கு. 19-ம் நூற்றாண்டு நடுவுல அடங்கி ஒன்றரை நூற்றாண்டு கிட்டத்தட்ட தூங்கிட்டு, 1991-ல எழுந்து உட்கார்ந்துச்சு. அப்புறம் 1994, 2005, 2017னு வரிசையா. 2025 செப்டம்பர்லயும் சின்னதா வெடிச்சுது. பெரிய கிண்ணம் மாதிரி பள்ளம், அதோட நடுவுல கருப்பா ஒரு கூம்பு, உச்சியில புகை. கடல் மட்டத்துக்கு மேலே தெரியறது 350 மீட்டர் சொச்சம்தான். மீதி உடம்பு முழுக்கத் தண்ணிக்கு அடியில.

சேத்து எரிமலைக்கு ஒரு 'நோ'

பாரன் கிடைக்கலைன்னா டிராவல்ஸ்காரங்க உடனே ஒரு மாற்று சொல்வாங்க: "பாராடாங் போங்க தம்பி, மட் வோல்கனோ காட்டுறோம்!" அது எரிமலையே இல்லை. பூமிக்குள்ள இருந்து வர்ற வாயு சேத்தைத் தள்ளி மேலே கொப்பளிக்க வைக்குது, அவ்வளவுதான்.

பிரச்னை சேறு இல்லை, ரோடு. அந்தமான் டிரங்க் ரோடு ஜிர்க்காடாங்கிலிருந்து கிட்டத்தட்ட 50 கி.மீ. ஜாரவா மக்களோட காட்டுக்குள்ளே போகுது. அவங்க இருக்கிறதே சில நூறு பேர். வெளியாட்களோட அவங்க பழக ஆரம்பிச்சதே 1990-கள் கடைசியிலதான். வண்டிகள் போலீஸ் பாதுகாப்போட வரிசையா போகும். நிறுத்தக் கூடாது, போட்டோ கூடாது, சாப்பாடு எதுவும் கொடுக்கக் கூடாது. மீறினா ஜெயில் வரைக்கும் போகும். சட்டம் இருந்தும் என்ன ஆச்சு? சாப்பாட்டைக் காட்டி ஜாரவா பெண்களை டூரிஸ்ட்டுகள் முன்னாடி ஆட வெச்ச வீடியோ 2012 ஜனவரியில லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகை மூலமா உலகம் பூரா போச்சு. இந்தக் காட்டு ரோட்டை மூடச் சொல்லி சுப்ரீம் கோர்ட் 2002-லேயே உத்தரவு போட்டிருக்கு. ரோடு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

வடக்கே மாயாபந்தர், திக்லிபூர்ல குடியிருக்கிறவங்களுக்கு ஆஸ்பத்திரி, படிப்பு, சரக்கு எல்லாத்துக்கும் அந்த ரோடு தேவை. அவங்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனா நமக்கு? சேறு கொப்பளிக்கிறதைப் பார்க்கலைன்னா டிகிரி கொடுக்க மாட்டேன்னு யாரும் சொல்லலை. பஸ் ஜன்னல்ல கண்ணை வெச்சுக்கிட்டு "தெரியுதா, தெரியுதா"னு தேடுறோம் பாருங்க, அந்தக் கல்கத்தா கூட்டத்துக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ராஸ் தீவுல நின்னு வெள்ளைக்காரனைத் திட்டிட்டு, மறுநாள் காலையில கேமராவோட ஜிர்க்காடாங் செக்போஸ்ட்ல வரிசையில நிக்கிறது நியாயமா மாப்ள?

ஒரு நாள் மிச்சமாகுதேன்னு யோசிக்கிறீங்களா? மவுண்ட் ஹாரியட் மலைக்குப் போங்க (இப்போ மவுண்ட் மணிப்பூர்). அங்கேயிருந்து தெரியற கலங்கரை விளக்கக் காட்சிதான் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டோட பின்பக்கத்துல இருக்கு. நோட்டைக் கையில பிடிச்சு மேட்ச் பண்ணிப் பாருங்க, செம ஜாலி! மலையடிவாரத்துலதான் 1872 பிப்ரவரி 8-ல ஷேர் அலிங்கிற கைதி வைஸ்ராய் மேயோவைக் கத்தியால குத்திக் கொன்னார்.

பாக்கெட் குறிப்புகள்

* தேனிப் பக்கத்து மக்களுக்கு: போடி - சென்னை ரயில் 2023-லிருந்து ஓடுது. தேனியிலேயே ஏறிக்கலாம்.
* சென்னையிலிருந்து விமானம் சுமார் ரெண்டே கால் மணி நேரம். கப்பல்னா மூணு நாள் கிட்ட ஆகும். கப்பல் மாசத்துக்குச் சில தடவைதான், தேதியைப் பார்த்துட்டு லீவு போடுங்க.
* இந்தியர்களுக்கு ஸ்ரீ விஜயபுரம் போக பெர்மிட் வேண்டாம். அடையாள அட்டை கட்டாயம்.
* சாயங்காலம் அஞ்சரைக்கே இருட்டிடும். காலையில அஞ்சு மணிக்கே எழுந்தாத்தான் ஊர் சுத்த முடியும். ஹாஸ்டல் தூக்கம் இங்கே செல்லாது!
* மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மழையும் அலையும் அதிகம். படகு ரத்தாகும். டிசம்பர் - மார்ச் பெஸ்ட்.
* ஜெயிலுக்கும் ராஸ் தீவுக்கும் விடுமுறை நாள் உண்டு. முதல்லயே கேட்டுக்கங்க.
* சிப்பி, பவளம் பொறுக்கி பையில போடாதீங்க. ஏர்போர்ட்ல மாட்டுவீங்க.