ஓய்வு யாருக்கு?

எங்களுள் ஒருவர் சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றார். மற்றவர் பெறவில்லை. பெறுவதற்கு வழியுமில்லை, ஏனெனில் அவர் பணியில் இருந்ததாகவே எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கணவனும் மனைவியுமாகிய நாங்கள் பேசிப் பேசி, சில இடங்களில் சண்டையிட்டும், சேர்ந்து எழுதிய கட்டுரை இது. 'நாங்கள்' என்னும் சொல் பொருந்தாத இடங்களில் யாரென்று தனித்துச் சொல்லிவிடுகிறோம். அத்தகைய இடங்கள் நினைத்ததைவிட அதிகம் என்பதே இவ்வாண்டு நாங்கள் கற்ற பாடம்.

எங்கள் ஊர் ஆலத்தியூர். அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டம். முந்திரியும் மானாவாரிப் பயிரும் விளைந்த இப்பகுதியில், 1997-இல் சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கிய பின் வாழ்வின் ஒழுங்கு மாறிற்று. விடிவதும் இருட்டுவதும் போய், ஷிஃப்ட் என்னும் சொல் நாளைப் பங்கிடத் தொடங்கியது. எங்களுள் கணவர் இந்த மாவட்டத்துச் சிமெண்ட் ஆலைகளில் இருபத்தேழு ஆண்டுகள் அப்படிப் பணியாற்றியவர். இரவுப் பணி முடிந்து காலையில் வந்து உறங்குவார். அவர் உறக்கம் கலையாதபடி பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும், எந்நேரம் வந்தாலும் சூடாகச் சோறு போட்டதும் மனைவி. ஆலைக்கு மூன்று ஷிஃப்ட். அடுப்பங்கரைக்கு ஒரே ஷிஃப்ட்; அது முடிவதில்லை.

பாராட்டு விழாவன்று கணவருக்குச் சால்வை அணிவித்தார்கள், மாலையிட்டார்கள், கடிகாரம் ஒன்றும் கொடுத்தார்கள். மாலை வீட்டுக்கு வந்து வாழ்த்தியவர்களுக்குக் காப்பி போட்டவர் மனைவி. மறுநாள் கணவர் எட்டு மணிக்கு எழுந்தார். மனைவி வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தார். ஆலைக் கேண்டீனில் அதுவரை குடித்த தேநீரெல்லாம் அன்றுமுதல் வீட்டுக் கணக்கில் ஏறிற்று. ஒருவர் ஓய்வு பெற்றால் மற்றவருக்கு வேலை கூடும் என்பதை அந்த விழாவில் யாரும் சொல்லவில்லை; எங்களுக்கும் தோன்றவில்லை.

சும்மா இருப்பானேன் என்று கணவர் ஊர்ப்பணியில் இறங்கினார். மாலையில் திண்ணையில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது, முதியோர் உதவித்தொகைக்கும் மகளிர் உரிமைத் தொகைக்கும் விண்ணப்பம் எழுதித் தருவது ஆகிய இரண்டும் நன்றாகவே நடந்தன. பிள்ளைகள் ஓடையில் பொறுக்கிய சுருள் கல்லைக் கொண்டுவந்து கேட்பார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலடியில் கிடந்தது, அக்கடலில் வாழ்ந்த உயிரின் ஓடு இது என்று சொன்னால், கண்கள் விரியும். ஊரில் கணவருக்கு நல்ல பெயர். பதினைந்து பிள்ளைகளுக்கு நாள்தோறும் சுண்டல் அவித்த கைக்கு அந்தப் பெயரில் பங்கு இல்லை.

படிவம் எழுதும்போதுதான் ஒன்று உறுத்தியது. 'தொழில்' என்னும் இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்துக் கேட்பார் கணவர். "சும்மா வீட்ல தாங்க இருக்கேன்" என்று விடை வரும். சொல்லும் அம்மாள் விடியலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சமைத்து, முந்திரிக்கொட்டை பொறுக்கிவிட்டு வந்திருப்பார். பத்துப் பேரேனும் இதே சொல்லைச் சொல்லியிருப்பார்கள். கணவரும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டே போனார்.

ஐப்பசியில் மகளுக்குப் பேறுகாலம். மனைவி மூன்று மாதம் சென்னையில் இருந்தார். தனித்து விடப்பட்ட கணவர் முதல் வாரம் சமாளித்தார். இரண்டாம் வாரம் கதை வாசிப்பு நின்றுவிட்டது. சமைத்து, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து நிமிர்ந்தால் மாலை ஆகியிருந்தது. புத்தகத்தைத் தொட உடம்பில் தெம்பில்லை. ஊருக்கு நாங்கள் செய்த தொண்டு யார் உழைப்பின்மேல் நின்றது என்பது அன்று விளங்கிற்று. சென்னையிலும் இதே கதைதான். மகள் ஆறு மாத விடுப்பில் இருக்கிறாள் என்றார்கள். தாயும் மகளும் சேர்ந்து இரவெல்லாம் விழித்ததற்குப் பெயர் விடுப்பு.

இது எங்கள் வீட்டுக் குறை மட்டுமன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் உழைக்கிறார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் பெண்களின் நேரம் 299 நிமிடம். ஐந்தாண்டில் குறைந்தது பத்து நிமிடம். மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, வீட்டு வேலை மட்டும் செய்வோரை 'வேலை செய்யாதோர்' பட்டியலில் சேர்க்கிறது.

சட்டம் சற்று முன்னே சென்றிருக்கிறது. வெளிநாட்டில் பணியாற்றிய கணவரின் வருவாயில் வாங்கிய சொத்தைப் பற்றிய வழக்கில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் மனைவிக்கும் சமபங்கு உண்டென்றது. அவர் வீட்டைக் காத்ததால்தான் கணவரால் வெளியே சென்று ஈட்ட முடிந்தது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. அதே ஆண்டு செப்டம்பர் 15-இல் மாதம் 1,000 ரூபாய்த் திட்டம் தொடங்கியபோது, அரசு அதற்கு 'உதவி' என்று பெயரிடாமல் 'உரிமை' என்று பெயரிட்டது. சொத்தில் பங்குண்டு, தொகையில் உரிமையுண்டு. எனில் ஓய்வில் மட்டும் ஏன் இல்லை?

"அன்பினால் செய்வதற்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கணக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் அன்பு இரண்டு பக்கமும் இருக்குமாயின், அதன் பெயரால் ஒருவரே ஏன் ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்பதற்கு அவரிடம் விடையில்லை.

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்து ஞானாலயாவை இலக்கிய நண்பர்கள் பலரும் அறிவர். பள்ளியாசிரியரான பா. கிருஷ்ணமூர்த்தியும் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த அவர் துணைவியார் டோரதி அம்மையாரும் வளர்த்த நூலகம் அது. தம் வருவாயைப் புத்தகங்களாக்கி, ஓய்வுக் காலத்தையும் அதற்கே தந்தவர்கள். அரிய முதற்பதிப்புகளைத் தேடிச் சென்ற ஆய்வாளர்கள் எத்தனையோ பேர். அந்த நூலகத்தைப் பற்றிப் பேசுவோர் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். எங்கள் திண்ணை அதற்கு ஒப்பாகாது. எனினும் தொண்டு இருவர் பெயரிலும் நிற்க முடியும் என்பதற்கு அது சான்று.

மனைவி தையில் ஊர் திரும்பியபின் வேலையைப் பங்கிட்டோம். காலை அடுப்பு கணவருடையது. வாரத்தில் மூன்று நாள் கதை வாசிப்பு மனைவியுடையது. அவர் வாசிப்பதில்லை, சொல்கிறார், கூட்டம் கூடிவிட்டது. சுண்டல் அவிப்பது அன்றன்று வாசிக்காதவர். எளிதாக நடந்ததென்று சொல்ல மாட்டோம். "அவரைப் போயி அடுப்படியில நிக்க வச்சுட்டியே" என்று உறவினர் ஒருவர் மனைவியிடம் வருந்தினார். கணவர் வைத்த குழம்பைப் பற்றியும் வருந்துவதற்கு இடமுண்டு. மதியத்தில் ஒரு மணி நேரம் மனைவி புத்தகத்துடன் சாய்ந்திருக்கிறார். தொடக்கத்தில் அந்த ஒரு மணி நேரம் இருக்க முடியாமல் நான்கு முறை எழுந்து அடுப்படிக்குப் போனார். முப்பதாண்டுப் பழக்கம் எளிதில் விடவில்லை. ஓய்வையும் பழக வேண்டியிருக்கிறது.

பணி ஓய்வு பெறப்போகும் நண்பர்களுக்கு எங்கள் கருத்து இதுவே. ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கும் நாளிலேயே வீட்டு வேலைக் கணக்கையும் பாருங்கள். ஊருக்குத் தொண்டு செய்யப் புறப்படுமுன், அதற்கான நேரத்தை வீட்டில் யார் ஈட்டித் தருகிறார் என்று கேளுங்கள். பாராட்டு விழா நடத்துவோர் இரண்டு நாற்காலி போடுங்கள்.

கணவர் இப்போது 'தொழில்' என்னும் இடத்தில் 'இல்லை' என்று எழுதுவதில்லை. "வீட்டு வேலை, மாடு, முந்திரி" என்று உள்ளதையே எழுதுகிறார். படிவத்தில் இடம் போதவில்லை.