சதகுப்பை யாருடைய மருந்து?

"நம்மட மண்ணின் மருந்து" என்று முகநூலில் சுற்றுகிற பட்டியல்களைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். அதில் இருக்கிற பல சரக்குகள் கடல் தாண்டி வந்தவை. சதகுப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்கு அரைத்த அம்மம்மாக்களுக்கும் உம்மம்மாக்களுக்கும் பழகிய பெயர் இது. பெருஞ்சீரகத்தின் உறவுக்காரி, தட்டையான, மண்ணிறமான சின்ன விதை. சிங்களத்திலும் கிட்டத்தட்ட இதே பெயர்தான். எங்கட தோட்டங்களில் இந்தச் செடியை நாங்கள் கண்டதில்லை, மருந்துச் சரக்குக் கடையில் காய்ந்த விதையாகத்தான் தெரியும். கர்நாடகத்திலோ இதன் இலையைக் கீரையாகவே சமைக்கிறார்கள்.

இதன் பூர்வீகம் மத்தியதரைக் கடலோரமும் மேற்காசியாவும். எகிப்தில் இரண்டாம் அமென்ஹோதெப் மன்னனின் கல்லறையில், ஏறத்தாழ 3,400 வருசத்துக்கு முந்திய சதகுப்பைக் கொத்துகள் கிடைத்தன. மத்தேயு 23:23 இன் கிரேக்க மூலத்தில் வருகிற இந்தச் செடி, பழைய தமிழ் வேதாகமத்தில் வெந்தயமாக மாறிப்போனது. 1851 இல் இங்கிலாந்தின் நொட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் இதன் எண்ணெயைச் சேர்த்துத்தான் கிரைப் வாட்டர் செய்தார். அந்தக் காலத்துப் போத்தலில் மதுசாரமும் இருந்தது!

ஒரே விதைதான். போத்தலில் வந்தால் மருந்து, அம்மம்மா அரைத்தால் "பழைய காலத்து வேலை". இந்தப் பார்வையைத்தான் நாங்கள் கேள்வி கேட்கிறம். அதுக்காக எல்லாரும் அம்மிக்குத் திரும்புங்கள் என்று சொல்லவில்லை. ஆறு மாதம் வரைக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது போத்தலுக்கும் பொருந்தும், வீட்டுக் கசாயத்துக்கும் பொருந்தும்.

சித்த மருத்துவத்தில் சதகுப்பை வயிற்றுப் பொருமலுக்கும் மாதவிடாய் வலிக்கும் பிரசவத்துக்குப் பிறகும் சொல்லப்படுகிறது. அதே கைமருந்தைக் கர்ப்ப காலத்தில் கொடுக்கக் கூடாது. யாருக்கு, எப்ப, எவ்வளவு, எதோட சேர்த்து, யாருக்குக் கூடாது: இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் மருந்தறிவு. முகநூல் பதிவில் முதலாவதுகூட ஒழுங்காக இருக்காது.

பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது நல்லதுதான், அதால எத்தனையோ தாய்மார் உயிர் தப்பினார்கள். ஆனால் மருத்துவிச்சிமாரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டியதை நாங்கள் யாரும் எழுதிவைக்கவில்லை. யுத்தமும், நாவலடியையும் கல்லடியையும் அடித்துப்போன 2004 சுனாமியும் எத்தனை பேரின் ஞாபகத்தைக் கொண்டுபோனது என்று எண்ணிச் சொல்ல யாரால் முடியும்?

விதை அழியப்போவதில்லை, அது உலகமெல்லாம் விளையும். அழியப்போவது இந்தக் கரைகளில் அதைப் பாவித்த பெண்களின் கைக்கணக்கு. எங்கிருந்தோ வந்த செடியை எங்கட மருந்தாக்கினது அந்தக் கணக்குத்தான்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. சரிபார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். கையில் போன் வைத்திருக்கிற நாங்கள், எங்கட வீட்டு மூத்த பெண்களிடம் போய் அந்த ஐந்து கேள்வியையும் கேட்டுப் பதிவுசெய்தால் என்ன? இந்த விடுமுறைக்குள் ஆளுக்கு ஒரு சரக்கு.