ஃபைல் சைஸை இன்ட்டுல வைக்கிற புண்ணியவான்களே!

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் கடுப்புல இருக்கேன். சி மொழியில பொட்டி தட்டுறவங்க அவசியம் படிங்க.

முன்னே வேலை பார்த்த இடத்துல ஒரு பேக்கப் நிரல் இருந்தது. ஒரு நாள் சர்வர் மண்டையைப் போட்டது. பேக்கப்பை எடுத்துப் பார்த்தா, 5 ஜிபி டிஸ்க் இமேஜ் இருக்க வேண்டிய இடத்துல 1 ஜிபிதான் இருக்கு! தினம் ராத்திரி லாகுல ‘வெற்றி’ன்னு எழுதிட்டு, மீதி நாலு ஜிபியை அம்போன்னு விட்டிருக்கு.

காரணம் ஒரே ஒரு வரி. ஸ்டாட் கொடுத்த 64 பிட் அளவை, எழுதின மகராசன் 32 பிட் இன்ட்டுல போட்டிருந்தார். இன்ட்டோட உச்சம் 2,147,483,647. 5 ஜிபின்னா 5,368,709,120. மேல் பிட்டுகளை வெட்டினா மிச்சம் 1,073,741,824. கச்சிதமா 1 ஜிபி! மைனஸ்ல வந்திருந்தாலாவது யாராவது முழிச்சிருப்பாங்க.

“அதான் எல்லாம் 64 பிட் ஆயிடுச்சே”ன்னு சொல்றவங்களுக்கு: 64 பிட் லினக்ஸ்லயும் இன்ட் 32 பிட்தான். 64 பிட் விண்டோஸ்ல லாங்கும் 32 பிட்தான், அதனால அங்கே எஃப்டெல் 2 ஜிபியைத் தாண்டாது. லினக்ஸ்ல ரீட் ஒரு தடவைக்கு 2,147,479,552 பைட்டுக்கு மேல தராது. எவ்வளவு வந்ததுன்னு பார்த்து மறுபடி கேட்கிறது உங்க வேலை. பொட்டி மாறினா போதுமா, புத்தி மாற வேணாமா?

இது ஒண்ணும் புதுசு இல்லை சாமி. பெரிய கோப்புகளுக்கு வழி செய்ய 1996லயே மாநாடு கூட்டி வரையறை எழுதிட்டாங்க. நாமதான் இன்னும் இன்ட்டைக் கட்டிக்கிட்டு அழறோம்.

“எங்க ஃபைலெல்லாம் சின்னதுங்க.” இன்னிக்கு சின்னது. நாளைக்கு?

செய்ய வேண்டியது ரொம்பக் கம்மி. அளவையும் இடத்தையும் 64 பிட்டுல வைங்க. ஜிசிசியில கன்வர்ஷன் எச்சரிக்கையைத் தனியாப் போடுங்க, ‘வால்’ மட்டும் போட்டா அது வராது. லினக்ஸ்ல ட்ரங்கேட் கமாண்டு ஒரு நொடியில 5 ஜிபி வெத்துக் கோப்பு செஞ்சு தரும், டிஸ்க்குல இடமும் அடைக்காது. அதைக் கொடுத்து சோதிச்சுப் பாருங்க. டிஸ்க்குல இடம் இல்லைன்னு சாக்கு சொல்ல முடியாது.

டிஸ்கி: அந்த நிரலை ரெண்டு வருஷம் ஓட்டினவன் நான். ஒரு தடவைகூட ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கல. மேலே உள்ள திட்டுல பாதி எனக்குத்தான் :(